இணைகோடுகள் சந்திக்கும் இடம்

ஃப்ளாரன்ஸ் நகரின் பேராலயம். அதன் நடுவாசலுக்கு உள்ளே ஏறக்குறைய ஆறடி தள்ளி ஒருவர் நிற்கிறார். எதிரே சதுக்கத்தில் எட்டுப் பட்டையாக எழும்பிய ஞானஸ்நான மண்டபம். அவர் கையில் ஓரடிச் சதுரப் பலகை ஒன்று. அதே மண்டபத்தை அந்தப் பலகையில் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஓவியத்தை நேராகப் பார்க்கவில்லை. பலகையின் முதுகைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். அதில் ஒரு துளை. முதுகுப் பக்கம் தங்கக்காசு அகலம், ஓவியப் பக்கம் போகப்போகச் சிறுத்து மைசூர்ப் பருப்பளவு. மற்றொரு கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதை எதிரே நீட்டிப் பிடித்து, துளை வழியாக, கண்ணாடிக்குள் விழும் ஓவியத்தைப் பார்க்கிறார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் கிடையாது. மெருகேற்றிய வெள்ளி பதித்திருக்கிறது. அன்றைய மேகங்கள் அதில் காற்றோடு நகர்கின்றன. கண்ணாடியை விலக்கினால் கல்லால் கட்டிய மண்டபம். திரும்ப நீட்டினால் வரைந்த மண்டபம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

செய்தவர் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி. 1377-இல் பிறந்தவர், பொற்கொல்லராகத் தொழில் பழகியவர். பின்னாளில் அதே பேராலயத்தின் மேல் அந்தப் பெரிய குவிமாடத்தை எழுப்பியவர். பலகைச் சோதனை நடந்தது பதினைந்தாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில். பலகை இன்று இல்லை. அதைத் தன் கையில் வாங்கிப் பார்த்த அந்தோனியோ மனெத்தி, புருனெல்லெஸ்கியின் வாழ்க்கையை எழுதும்போது துளையின் அளவு முதல் வெள்ளித்தகடு வரை எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

அந்தத் துளையில்தான் விஷயம் இருக்கிறது. ஓவியத்தைக் கண்ட இடத்தில் நின்று பார்க்க அவர் விடவில்லை. தான் எங்கே நின்று பார்த்து வரைந்தாரோ அங்கேயே பார்ப்பவரின் ஒற்றைக் கண்ணையும் கொண்டுவந்து நிறுத்தினார். அப்படி நிறுத்திய கண்ணுக்கு நேர் எதிரே ஓவியத்தில் ஒரு புள்ளி உண்டு. நம்மை விட்டு நேராக விலகிப் போகும் கோடுகள், அதாவது நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையான கோடுகள், படத்தில் அந்த ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். துளை போட்டது அங்கேதான். மறைபுள்ளி என்று நாம் சொல்வது அதைத்தான்.

இணைகோடுகள் சந்திக்காது என்பது பள்ளியில் எல்லோரும் படித்தது. யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிய ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் புத்தகத்தில் 23-ஆவது வரையறை அது: ஒரே தளத்தில் இருந்து, இரு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் எந்தப் பக்கத்திலும் சந்திக்காத நேர்கோடுகளே இணைகோடுகள். அதே யூக்ளிட் பார்வையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதில், இணைகோடுகளைத் தொலைவிலிருந்து பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி ஒரே அளவாகத் தெரியாது என்று நிறுவினார். ஒரு நூலில் உள்ள நிலவரம், இன்னொரு நூலில் கண்ணுக்குத் தெரியும் நிலவரம். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று மோத விடவில்லை. கண்ணுக்குத் தெரிவது வெறும் தோற்றம் என்று வைத்துவிட்டால் மோதல் எழாது. அவருக்குப் பின் வந்தவர்களும் 1,900 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பேச்சிலும் யூக்ளிடின் வரையறைதான் வேரூன்றியது. சேராத காதலர்களை இணைகோடுகள் என்கிறோம். ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் வாழும் கணவன் மனைவியைத் தண்டவாளங்கள் என்கிறோம். ரயில் நிலையத்து நடைமேடையின் ஓரத்தில் நின்று பார்த்தால் அதே தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுகூடுவது யாருக்கும் தெரியும். தெரிந்தும், உவமைக்கு வரும்போது கண்ணை ஒதுக்கிவிட்டுப் பாடப்புத்தகத்தை நம்புகிறோம். கண் சொன்னதை நம்பி அதன் பின்னே போனவர்களின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்களில் சிலர் சுவரில் நூல் பிடித்து வேலை செய்தவர்கள்.

சியெனா நகரத்து ஓவியர் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1344-இல் ஓர் ஓவியம் வரைந்தார். தேவதூதர் மரியாளிடம் நற்செய்தி சொல்லும் காட்சி. பின்னணி பழைய வழக்கப்படி முழுக்கத் தங்கம். தரை மட்டும் புதிது. கட்டம் போட்ட அந்தத் தளத்தில் உள்நோக்கிப் போகும் கோடுகளை நீட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகின்றன. தங்கப் பின்னணியில் தூரம் என்பதே கிடையாது. தரையோ தூரத்தைத் தேடிப் போகிறது. இருவேறு காலங்கள் ஒரே பலகையில் இருக்கும் அந்த ஓவியம் எனக்கு மிகவும் பிடித்தது. லொரென்செத்திக்கு விதி தெரிந்திருந்ததா, கை பழகியதா என்று கேட்பதில் பயனில்லை. கை முதலில் போய்விட்டது.

விதியை எழுதியவர் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி. 1435-இல் ஓவியத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு வந்த இத்தாலிய வடிவத்தைப் புருனெல்லெஸ்கிக்குச் சமர்ப்பித்தார். ஓவியச் சட்டத்தை ஒரு திறந்த சன்னலாக நினைத்துக்கொள் என்று தொடங்கி, கட்டம் போட்ட ஒரு தரையை வரையும் முறையை அவர் சொல்லித் தருகிறார். அடிக்கோட்டைச் சம பாகங்களாகப் பிரி. பார்ப்பவரின் கண் உயரத்தில் ஒரு நடுப்புள்ளி வை. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழு. இதுவரை சுலபம். குறுக்குக் கோடுகள்தான் தொல்லை. தூரம் போகப்போக அவை நெருங்க வேண்டும், ஆனால் எவ்வளவு? அக்கால ஓவியர்கள் சிலர் ஒவ்வொரு இடைவெளியையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போனார்கள். அது தவறு என்று அல்பெர்த்தி கண்டிக்கிறார். பக்கவாட்டிலிருந்து கண்ணையும் தரையையும் தனியாக வரைந்து, பார்வைக் கோடுகள் சட்டத்தை எந்தெந்த உயரத்தில் வெட்டுகின்றன என்று பார்த்து அந்த இடைவெளிகளை எடுக்கச் சொல்கிறார். வேலை சரியா என்று பார்க்க ஒரு சோதனையும் தருகிறார்: ஒரு கட்டத்தின் மூலைவிட்டத்தை நீட்டினால் அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகளையும் தொட்டுக்கொண்டு நேராகப் போக வேண்டும். ஒரு கொத்தனார் தன் தளத்தைச் சோதிக்கக்கூடிய அதே சோதனை இது.

அல்பெர்த்தி எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மசாச்சியோ அதைச் சுவரில் செய்து காட்டிவிட்டார். ஃப்ளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்துச் சுவரில் அவர் தீட்டிய ‘திரித்துவம்’ ஓவியத்தில், சிலுவைக்குப் பின்னால் கட்டம் கட்டமாகச் செதுக்கிய வளைகூரையோடு ஒரு மண்டபம் உள்வாங்கிப் போகிறது. சுவரைக் குடைந்துவிட்டார்களோ என்று தோன்றும். ஈரச் சாந்தில் நூலை அழுத்தியும் கூர்முனையால் கீறியும் இழுத்த கோடுகள் இன்றும் அதில் தெரிகின்றன. கூரையின் கோடுகள் எல்லாம் இறங்கி வந்து சேருவது சிலுவையின் அடியில், நிற்பவரின் கண் உயரத்தை ஒட்டி. இறைவனின் முகத்தில் அந்தப் புள்ளியை வைக்காமல், எதிரே வந்து நிற்கப்போகும் ஏதோ ஒரு மனிதரின் கண்ணுக்கு நேரே வைத்தார். 1428-இல் மசாச்சியோ இறந்தபோது வயது 26. 1570-இல் அந்த ஓவியத்துக்கு முன்னால் வேறொரு பீடம் எழுந்து அதை மறைத்தது. 1860 வாக்கில்தான் திரும்பக் கண்டெடுத்தார்கள்.

இந்தப் புள்ளி தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மதுரைச் சுவர்களிலும் தஞ்சாவூர்ப் பலகைகளிலும் பழைய ஓவியர்கள் உருவத்தின் அளவைத் தூரத்தைக் கொண்டு முடிவு செய்யவில்லை, முக்கியத்துவத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி வழியாகவும், நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலைகள் வழியாகவும் மறைபுள்ளி இங்கே நுழைந்தது. அந்தப் பள்ளியில் படித்து, நாடகத் திரைகளும் தீட்டி, பிறகு கோவில்பட்டியில் இருந்துகொண்டு காலண்டர் ஓவியங்களால் தமிழர் வீடுகளை நிரப்பிய கொண்டையராஜுவின் வழியில் வந்த படங்களைப் பாருங்கள். தெய்வம் பழைய முறையில் நம் முகம் பார்த்து நிற்கும். பின்னால் தூண்களும் தளமும் புதிய முறையில் தூரத்துக்குப் போகும். லொரென்செத்தியின் பலகையில் நடந்த அதே கலப்பு.

ஓவியர்களுக்குப் புள்ளி கிடைத்துவிட்டது. அது என்ன என்பதற்கு விடை கிடைக்க இன்னும் 165 ஆண்டுகள் ஆயின. 1600-இல் இத்தாலியக் கணிதர் கிடோபால்டோ தெல் மோந்தே அதைச் சொன்னார். பார்வைக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே ஒரு கூட்டம் இணைகோடுகள் எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகட்டும். உங்கள் கண்ணிலிருந்து அவற்றுக்கு இணையாக இன்னொரு கோட்டை இழுங்கள். அந்தக் கோடு கண்ணாடிப் பலகையை எங்கே துளைக்கிறதோ அதுதான் அந்தக் கூட்டத்தின் சந்திப்பு. நேராகப் போகும் கோடுகளுக்கு மட்டும் இல்லை, பலகையோடு இணையாக ஓடாத எல்லாத் திசைக்கும் ஒவ்வொன்று உண்டு. தரையில் கிடக்கும் கோடுகளின் புள்ளிகள் எல்லாம் தொடுவானத்தில் வரிசையாக நிற்கும்.

இந்த விளக்கத்தில் ஓர் ஆழமான சங்கதி இருக்கிறது. கோடுகளில் ஒன்று நம் கண் வழியாகவே போகிறது. தண்டவாளத்தைப் பார்க்கிறவரும் ஓர் இணைகோட்டின் மேல்தான் நிற்கிறார். அந்தக் கோடு அவருக்கு நீளமாகத் தெரிவதில்லை, அதன் முனையைப் பார்ப்பதால் புள்ளியாகத் தெரிகிறது. அவர் நகர்ந்தால் புள்ளியும் நகரும்.

கண்ணாடிப் பலகையில் புள்ளி இருக்கிறது, சரி. அது எதனுடைய படம்? பலகையிலுள்ள மற்ற ஒவ்வொரு புள்ளியும் வெளியே உள்ள ஏதோ ஒன்றின் படம். மறைபுள்ளிக்கு மட்டும் வெளியே மூலம் கிடையாது. மூலமில்லாத ஒரே படம் அது. 1604-இல் வானியலாளர் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் பரவளையத்தைப் பற்றி எழுதும்போது இந்த வெற்றிடத்தைத் தொட்டார். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். அதை இழுத்து நீட்டிக்கொண்டே போனால் பரவளையமாகிறது. அப்போது இரண்டாவது குவியம் எங்கே போயிற்று? முடிவிலித் தொலைவுக்கு, என்றார் கெப்ளர். அங்கிருந்து வரும் கோடுகள் எல்லாம் அச்சுக்கு இணையாக வரும். ஒரே வளைவரையைப் பற்றி, ஒரே இடத்தில், சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துணிந்து முழுதாகச் சொன்னவர் ஜிரார் தெசார்க். 1591-இல் லியோன் நகரில் பிறந்தவர். பொறியாளர், கட்டடக் கலைஞர். படிக்கட்டுகள் வடிவமைத்தார். தண்ணீர் இறைக்கும் எந்திரத்துக்குப் பல்சக்கரம் வடிவமைத்தார். கல்தச்சர் கல் வெட்டுவது, ஓவியர் தூரத்தைக் காட்டுவது, நிழல் கடிகாரம் அமைப்பது ஆகிய மூன்றுக்கும் பொதுவான முறை தேடினார். மூன்றும் ஒரே கேள்விதான் என்பது அவருக்குத் தெரிந்தது: ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகளை ஒரு தளம் வெட்டினால் என்ன வரும்? வேலைக்குப் பயன்படாத வடிவியலில் தனக்கு ருசி இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடமிருந்துதான் அந்த நூற்றாண்டின் மிகத் தூய வடிவியல் வந்தது.

1639-இல் அவர் கூம்பின் வெட்டுகளைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சிட்டார். 50 பிரதிகள், நண்பர்களுக்குக் கொடுக்க. அதன் தொடக்கத்திலேயே அந்தக் காரியத்தைச் செய்துவிட்டார். ஒரு புள்ளியில் சேரும் கோட்டுக் கூட்டமும் இணைகோட்டுக் கூட்டமும் ஒரே இனம். இரண்டுக்கும் ஓர் இலக்குப் புள்ளி உண்டு. ஒன்றின் இலக்கு எட்டும் தூரத்தில், மற்றதன் இலக்கு முடிவிலித் தூரத்தில். அவ்வளவே வேறுபாடு.

இதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். கீழே ஒரு நேர்கோடு. மேலே ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி ஒரு நீண்ட கம்பி சுழல்கிறது. கம்பி கீழ்க்கோட்டைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். கம்பியைச் சுழற்றச் சுழற்ற அந்த இடம் வலப்பக்கம் ஓடுகிறது. பத்தடி, நூறடி, ஒரு மைல். கம்பி கோட்டுக்கு இணையாகும் அந்த ஒரு கணத்தில் இடம் காணாமல் போகிறது. இன்னும் மயிரிழை சுழற்றினால் இடப்பக்கத்தின் வெகுதூரத்திலிருந்து திரும்ப ஓடிவருகிறது. நடுவில் ஒரு கணம் எங்கே இருந்தது? யூக்ளிட், இல்லை என்பார். தெசார்க், இருந்தது என்பார். வலப்பக்கத்தின் கோடியும் இடப்பக்கத்தின் கோடியும் ஒரே புள்ளி என்பார். இரண்டு புள்ளிகள் என்று வைத்தால், இரண்டு கோடுகள் ஒரே இடத்தில்தான் வெட்டலாம் என்ற அடிப்படை உடைந்துபோகும். ஆகவே ஒன்று. அந்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நேர்கோடு வட்டத்தைப் போல மூடிக்கொள்கிறது.

யூக்ளிட் சொன்னது பொய்யாகிவிட்டதா? இல்லை. அவருடைய தளத்தில் ஒரு புள்ளியும் இடம் மாறவில்லை. அந்தத் தளத்தோடு ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளி புதிதாகச் சேர்ந்தது. மூலமில்லாமல் நின்ற மறைபுள்ளிகளுக்கு மூலம் கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், 16 வயதுப் பையன் ஒருவன் விடை சொன்னான். பிளெய்ஸ் பஸ்கால் 1640-இல் ஒரே தாளில் அச்சிட்ட கட்டுரையில், தெசார்க்கிடம் கற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு தேற்றத்தைக் கொடுத்தான். வட்டத்தில் ஆறு புள்ளிகளை எங்கே வேண்டுமானாலும் வைத்து அறுகோணம் வரையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களை நீட்டிச் சந்திக்க வையுங்கள். கிடைக்கும் மூன்று சந்திப்புகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நீள்வட்டத்துக்கும் பரவளையத்துக்கும்கூட இதுவே. இப்போது மிக ஒழுங்கான அறுகோணத்தை, தேன்கூட்டு அறையை, எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இணை. மூன்று சந்திப்பும் இல்லை. எல்லாவற்றிலும் அழகான அறுகோணத்தில் தேற்றம் தோற்கிறது. முடிவிலிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டால் தோற்பதில்லை. மூன்று சந்திப்பும் முடிவிலியில் இருக்கின்றன, மூன்றும் முடிவிலிப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஆகும் முடிவிலிக் கோட்டின் மேல் கிடக்கின்றன. விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்தவை எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. கணிதத்தில் இப்படி ஒரு கதவு திறப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு நான் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

தெசார்க்குக்கு நேர்ந்தது வருத்தம் தருவது. பழைய கலைச்சொற்களை விட்டுவிட்டு மரம், அடிமரம், கணு, கிளை, வேர்க்கட்டை என்று தாவரப் பெயர்களை வைத்து எழுதினார். படித்தவர்கள் திணறினார்கள். இணைகோடுகளை ஒரே இனத்தில் சேர்த்த யோசனை நல்லது என்று தத்துவஞானியும் கணிதருமான தெக்கார்த் 1639-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். பலருக்கும் போய்ச்சேர வேண்டுமானால் எளிமையாக எழுதும்படியும் சொன்னார். ஆனால் தெசார்க்கை மூடி மறைத்ததும் ஒரு வகையில் தெக்கார்த்தான். 1637-இல் வந்த அவருடைய வடிவியல், எண்ணும் சமன்பாடும் கொண்டு வளைவரைகளைக் கையாள வழி காட்டியது. எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பாரிஸில் தெசார்க்கின் முறைகளைக் கேலி செய்தும் திருட்டுப்பட்டம் கட்டியும் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. செதுக்கோவியர் ஆபிரகாம் போஸ் மட்டும் அவர் பக்கம் நின்று, அவருடைய முறைகளை வேலைக்காரர்களுக்குப் புரியும் படங்களோடு நூலாக்கினார். இன்று தெசார்க் தேற்றம் என்று உலகம் படிப்பது 1648-இல் போஸ் வெளியிட்ட நூலில் இருந்துதான். அந்தப் போஸையும் அரச ஓவியக் கழகம் 1661-இல் வெளியேற்றியது. அதே ஆண்டு தெசார்க் இறந்தார். 50 பிரதிகளும் மறைந்தன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ மார்வெல் காதலைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அவர் இறந்த பிறகு 1681-இல் அச்சேறிய அதில், முழுமையான காதல் இணைகோடு, முடிவில்லாமல் நீண்டும் சேராது என்கிறார். நாம் சினிமா வசனத்தில் கேட்டுப் பழகிய உவமைக்கு இவ்வளவு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில், சேராத கோடுகளும் சேர்கின்றன என்று அச்சான தாள்கள் படிப்பாரின்றித் தொலைந்துகொண்டிருந்தன. கவிதையின் உவமை உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு மறுமொழியாகக்கூடிய வடிவியலுக்கு வாசகர் கிடைக்கவில்லை.

1812 நவம்பர். நெப்போலியனின் படை ரஷ்யப் பனியில் பின்வாங்குகிறது. க்ராஸ்னோய் என்ற இடத்தில் நடந்த போரில் ழான் விக்தோர் பொன்ஸ்லே என்ற 24 வயது பொறியாளர் லெப்டினன்ட் களத்தில் கிடந்து பிடிபட்டார். கைதிகளை உறைபனியில் மாதக்கணக்கில் நடத்தியே வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சராத்தோவ் நகருக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தது 1813 மார்ச்சில். புத்தகம் இல்லை. பாரிஸில் வடிவியல் ஆசிரியர் மோன்ழிடம் கற்ற பாடங்களும் நினைவில் தேய்ந்திருந்தன. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே நிறுவிக்கொண்டு மேலே போனார். ஓர் உருவத்தின் நிழலை வேறொரு தளத்தில் விழவைத்தால் நீளம் மாறுகிறது, கோணம் மாறுகிறது, இணைகோடுகள் இணையாக இருப்பதில்லை. எது மாறாமல் இருக்கிறது? கோடு கோடாகவே இருக்கிறது. சந்திப்பு சந்திப்பாகவே இருக்கிறது. இந்த மாறாதவற்றை மட்டும் கொண்டு ஒரு வடிவியல் கட்டலாம் என்று அவர் கண்டார்.

நாடும் நூலும் வேலையும் பறிபோன ஒருவர், எல்லாம் சிதைந்த பிறகு எது எஞ்சும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. 1814-இல் விடுதலையாகி மெட்ஸ் நகருக்குத் திரும்பினார். சராத்தோவ் நோட்டுகள் வளர்ந்து 1822-இல் பெரிய நூலாக வந்தன. முடிவிலிப் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் கிடக்கின்றன என்பது அந்த நூலோடு கணிதத்தின் பொதுச்சொத்து ஆயிற்று. ஓவியர்கள் தொடுவானம் என்று வரைந்த கோடு அந்தக் கோட்டின் படம்.

தெசார்க் திரும்ப வந்தது அதற்கும் பிறகு. 1845-இல் மிஷேல் ஷால் என்ற வடிவியலாளர் பாரிஸ் புத்தகக் கடை ஒன்றில் ஒரு கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தார். 1679-இல் பிலிப் த லா ஈர் தன் கையால் பார்த்து எழுதிவைத்த படி அது. நூல் மறுபடி உலகத்துக்குக் கிடைத்தது. அச்சான மூலப்பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் அகப்பட இன்னும் நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவிலிப் புள்ளிக்கு எண் கொடுத்தவர் கணிதர் மோபியஸ், 1827-இல். அவருடைய வழி இன்று எடுத்துக்கொண்ட வடிவம் இது. தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண் போதும் என்று நினைக்கிறோம். மூன்று எண் வைத்துக்கொள்ளலாம், முதல் இரண்டையும் மூன்றாவதால் வகுத்தால் இடம் கிடைக்கும். (3, 5, 1) என்பது (3, 5) என்ற இடம். (6, 10, 2) என்பதும் அதே இடம். இப்போது மூன்றாவது எண்ணைக் குறைத்துக்கொண்டே போவோம். (3, 5, 0.1) என்றால் (30, 50). (3, 5, 0.01) என்றால் (300, 500). அதே திசையில் புள்ளி விலகி ஓடுகிறது. (3, 5, 0)? வகுக்க முடியாது, ஆனால் எழுத முடிகிறது. அந்தத் திசையின் முடிவிலிப் புள்ளி அதுதான். (-3, -5, 0) என்று எதிர்த்திசையில் எழுதினாலும், எல்லா எண்களையும் -1 ஆல் பெருக்கினால் அதே புள்ளி. தெசார்க் சொன்ன ஒரே கோடி.

மரபும் நவீனமும் சந்திக்கும் புள்ளி, அறிவியலும் கலையும் சந்திக்கும் புள்ளி என்று கட்டுரைகளில் அடிக்கடி எழுதுகிறோம். இருக்கிற ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் வந்து முட்டிக்கொண்டதைப் போல அந்தத் தொடர் ஒலிக்கிறது. இந்தப் புள்ளியின் வரலாறு அப்படி நடக்கவில்லை. சந்திப்பதற்கு இடமே இல்லாத இரண்டு கோடுகளுக்காக ஓர் இடத்தைச் செய்ய வேண்டியிருந்தது. ஓவியர் சாந்தில் கீறினார், கட்டடக்காரர் பெயர் வைத்தார், கைதி அதன் மேல் ஒரு வடிவியலைக் கட்டினார்.

1960களில் எம்.ஐ.டி.யில் லாரன்ஸ் ராபர்ட்ஸ், கணினித் திரையில் முப்பரிமாணப் பொருள்களைக் காட்ட மோபியஸ் வழிவந்த அதே எண் முறையைக் கொண்டுவந்தார். மூன்று பரிமாணத்துக்கு நான்கு எண்கள். கைப்பேசியில் ஓடும் ஒவ்வொரு முப்பரிமாண விளையாட்டும் இன்று அந்த நான்காவது எண்ணால் வகுத்தே படத்தைத் திரையில் போடுகிறது. தூரத்துச் சாலை ஒடுங்குவது அந்த வகுத்தலால்தான்.

ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை மென்பொருளின் பழைய பதிப்புகளில் ஒரு விளக்கை வைக்கும்போதும் நான்கு எண்கள் தர வேண்டியிருந்தது. தெருவிளக்கு என்றால் நான்காவது எண் 1. அதன் ஒளி சுற்றிலும் விரிந்து போகும். சூரியன் என்றால் நான்காவது எண் 0. உடனே ஊர் முழுவதும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக விழத் தொடங்குகின்றன. தெசார்க்கின் நிழல் கடிகார முறையும் சூரியக் கதிர்களைக் கொண்டுதான் நின்றது. ஆபிரகாம் போஸ் அதை 1643-இல் நூலாக்கினார். தெருவோரத்துக் கம்பங்களின் நிழல்கள் தரையில் இணையாகக் கிடக்கின்றன. சூரியனைப் பார்த்து நின்றால், அந்த நிழல்கள் எல்லாம் சூரியனுக்கு நேர் கீழே, தொடுவானத்திலுள்ள ஒரே புள்ளியை நோக்கிப் போகும். திரையிலும் அப்படித்தான், மாலை நாலரை மணித் தெருவிலும் அப்படித்தான்.